ஜூலை ஒன்று, கருவாடு வரவில்லை

விடிய நாலு மணிக்கே அடுப்பு.
மரவள்ளி வெந்துவிட்டது,
சர்க்கரைவள்ளி தோல் வெடித்துவிட்டது,
வாழைக்காய்தான் வழக்கம்போல் பிடிவாதம்.
முட்டை முப்பத்தாறு.
கருவாடு மட்டும் இல்லை.
அது வால்டோ கொண்டுவருவது.
இருபது வருஷமாக அவன்தான்.

பாரமரிபோ முழுக்க இன்று கேட்டி கோட்டி.
சங்கிலி அறுந்த நாள் என்று
வானொலி சொல்லிக்கொண்டே இருக்கிறது,
இடையிடையே டயர் விளம்பரம்.
கஞ்சி போட்டு விறைத்த தலைத்துணியை
'பேசினால் பேசட்டும்' மடிப்பில் மடித்து
நிமிர்த்திக் கட்டிக்கொண்டேன்.
ஊர் வாயை மூட உலைமூடி ஏது.
என் வாயைத்தான் மூடியிருக்க வேண்டும்,
பிப்ரவரியில்.

ஆற்றங்கரை நிலத்தில் தன் பங்கை
மரக் கம்பெனிக்கு விற்கப்போவதாகச் சொன்னான்.
நம்மை விற்றவர்களின் ரத்தம்
உனக்கு மட்டும் எப்படி வந்தது என்றேன்.
அவன் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
சின்னவன் கரண்டியைக் கீழே வைத்தான்.
அந்தச் சத்தம்.

பத்து மணிக்கு நிக்கேரியிலிருந்து
ஆன்கர் குடும்பம் வந்திறங்கியது,
பதினான்கு பேர், ஒரு கைக்குழந்தை, ஒரு ஐஸ் பெட்டி.
நாங்கள் ஃப்ரேடே.
விடுதலையான வருஷம் குமாஸ்தா போட்ட பெயர்கள்.
அவர்களுக்கு நங்கூரம் என்று எழுதினான்;
ஓரிடத்தில் தங்கியதில்லை அவர்கள்.
எங்களுக்கு அமைதி என்று எழுதினான்.
தெருவே சிரிக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்புவரை
ஒருவரை ஒருவர் தெரியாது.
மிரெல்லா ஆன்கர்தான் பதிவேட்டைத் துழாவிக் கண்டுபிடித்தாள்.
நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
வருஷா வருஷம் கொண்டுவருகிறாள்,
சாப்பாட்டுக்கு முன் வாசிக்கிறாள்:
தாய் அஃபீபா.
மகள் அஜூபா, பதினொன்று.
மகள் யாபா, எட்டு.
யாபாவுக்கு நேரே கடைசிக் கட்டத்தில்
'வேறு தோட்டத்துக்கு',
ஒரு தேதி.
தகப்பன் பெயருக்குக் கட்டமே இல்லை.

வழக்கமாக இந்த இடத்தில் அழுவேன்.
இன்று யோசித்துக்கொண்டிருந்தேன்,
எட்டும் பதினொன்றும்.
சீப்புக்கு ஒரு சண்டை போட்டிருப்பார்கள்,
பாயில் யார் ஓரம் என்று ஒன்று.
ஐந்து வருஷம் முகம் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு
ஒரு சாவு வீட்டில் பேசிக்கொள்கிற
பெரிய சண்டை வரைக்கும்
அவர்களை விடவில்லை.

"வால்டோ மாமா எங்கே?"
என்றது ஒரு நிக்கேரி வாண்டு.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அதாவது எல்லோரும்.

தட்டில் எடுத்து மூடிக்கொண்டு
குடையாய் விரிந்த பாவாடையைத் தூக்கிப் பிடித்து
மூன்று தெரு.
எதிரே ஊர்வலம்.
என்னையும் அதில் ஒருத்தி என்று நினைத்து
ட்ரம்பெட் கூட்டம் இழுத்துக்கொண்டு போனது.
பாதித் தெரு ஆடிவிட்டுத்தான் திரும்ப முடிந்தது.
தட்டு சாயவில்லை.

கதவைத் திறந்தவன் மூடியைத் தூக்கிப் பார்த்தான்.
"கருவாடு எங்கே?"
"நீ கொண்டுவரவில்லை."
உள்ளே போனான். நானும் போனேன்.
சமையலறையில் பெரிய பேசின் நிறைய,
நேற்றிரவே ஊறப் போட்டது.
மூன்றாம் தண்ணீராக இருக்கும்.
விரலால் தொட்டு நக்கிப் பார்த்து
இன்னும் உப்பு போகவில்லை என்றேன்.
"முழுக்கப் போனால் அப்புறம் அது எதற்கு."

சட்டை மாற்றிக்கொண்டே சொன்னான்:
"நிலத்தை விற்கத்தான் போகிறேன். நாளைக்குப் பேசலாம்."
"நாளைக்குச் சண்டைதான்."
"சரி. நாளைக்குச் சண்டை."

பேசினை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
சின்னவன் தட்டோடு பின்னால் வந்தான்.
அவனிடம்தான் மன்னிப்புக் கேட்டேன்,
தாழ்ந்த குரலில்.
எதற்கு என்றான்,
வாயில் வாழைக்காய்.

தெருமுனையில் தண்ணீர் தளும்பி
பாவாடை ஒரு பக்கம் முழுக்க நனைந்தது.
நாறும்,
சாயங்காலம் வரைக்கும்.